மைனருக்கு நாள் குறித்தது

பன் விழுந்ததா, நான் விட்டேனா என்பதுதான் இப்போது கேள்வி. விழுந்தது என்றால் அது தவறுதல். விட்டேன் என்றால் அதற்குப் பெயர் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம்தான். அந்த விரற்கடையில் காலையிலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன், கொண்டை ஊசி வளைவில் முன்னே திரும்பவும் முடியாமல் பின்னே எடுக்கவும் முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கிற வால்பாறை பஸ் மாதிரி. மடியில் மைனர் கிடக்கிறான். பழைய துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன், வெளியே தெரிவது கறுப்பு மூக்கும் இரண்டு கண்ணும் மட்டும். வெள்ளைப் பொமரேனியன், ஏழு மாதக் குட்டி, தூக்கினால் ஒரு பூசணிப் பிஞ்சு கனம்கூட இருக்காது. பேத்தி தன்யா வைத்த பெயர் கோகோ, இந்த நாய் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருப்பதும் கோகோதான். ஆனால் வீட்டுக்கு வந்த அன்றைக்கே சோபாவின் நட்டநடுவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகிற வருகிற ஆளையெல்லாம் ஒரு பார்வை பார்த்தானே, அப்போதே நான் மைனர் என்று வைத்துவிட்டேன், கூப்பிட்டால் அதற்குத்தான் திரும்புவான். இந்த மைனருக்கு இன்றைக்கு ஆபரேஷன். நேற்று ராத்திரிச் சாப்பாட்டோடு சரி, அப்புறம் ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வயிற்றில் ஏதாவது இருந்தால் மயக்கத்தில் மேலே வரும், வந்தது நுரையீரலுக்குள் இறங்கும், இறங்கினால் என்று நிறுத்திவிட்டார். முடிக்கவில்லை. முடித்திருந்தால் நான் பாட்டுக்கு மறந்திருப்பேன், முடிக்காததனால் அது எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. மைனரின் தாடையில், வெள்ளை முடிக்குள், சிவப்பாக ஒரு துணுக்கு. டூட்டி ஃப்ரூட்டி. தேங்காய் பன்னுக்குள் வைப்பார்களே, அது. பக்கத்து நாற்காலியில் சுகந்தி போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நகத்தால் மெதுவாகக் கிள்ளி எடுத்தேன். எடுத்ததை எங்கே போடுவது, தரை பளிங்கு மாதிரி இருக்கிறது. வாயில் போட்டுக்கொண்டேன். இனித்தது. இருந்த ஒரே சாட்சியையும் தின்று முடித்தாயிற்று.

சுகந்தி என் மருமகள். மகன் பிரபாகருக்கு ஓசூரில் வேலை, சனிக்கிழமை வந்து அழுக்குத் துணியை இறக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவான், மற்றபடி வீட்டு ஸ்டியரிங் இவள் கையில். பேங்கில் வேலை பார்க்கிறவள், கள்ள நோட்டைத் தொட்டே கண்டுபிடிப்பாள், என்னைத் தொடக்கூட வேண்டாம். காரில் வரும்போதே சொல்லிவிட்டாள். "மாமா, இன்னைக்கு நீங்க வாயே திறக்கக் கூடாதுங்க. பஞ்சாங்கம் வேண்டாம், தலைசுத்தல் வேண்டாம், யானை வேண்டாம். முக்கியமா, அவன் எதையோ தின்னுட்டான்னு மட்டும் சொல்லிராதீங்க. நம்பவே மாட்டேன், இப்பவே சொல்லிப்போட்டேன்." "நான் எதுக்கு அம்மிணி சொல்றேன்" என்றேன். அப்போது பன் உள்ளே போய் முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முதல் தடவை நாள் குறித்தபோது கரிநாள் என்றேன், தள்ளிப்போனது. இரண்டாம் தடவை காரில் ஏறுகிற நேரத்தில் எனக்குத் தலையைச் சுற்றியது, அவள் வண்டியை நேராக என் டாக்டரிடம் விட்டாள், அங்கே சுகர் ஏறிக் கிடப்பது அகப்பட்டு வீட்டில் இனிப்பு என்ற சாமானே ஒழிந்தது. மூன்றாம் தடவை, போன வாரம், இதே நாற்காலி, இதே துண்டு. டாக்டரம்மாவிடம், "காலையில தயிர் சோறு தின்னுட்டானுங்க" என்று ஆரம்பித்தேன். சும்மா சொல்லவில்லை. தட்டு எப்படிச் சாய்ந்தது, இவன் எப்படி ஓசைப்படாமல் வந்தான், மாதுளை முத்தை மட்டும் நாக்கால் தள்ளி எப்படி ஓரமாக வரிசை கட்டி வைத்தான், அது வரைக்கும் சொன்னேன். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். ஆபரேஷன் தள்ளிப்போனது. வீட்டுக்கு வந்து நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சுகந்தி சமையலறைக்குள் போய்த் திரும்பினாள். "மாமா, இன்னைக்குக் காலையில உப்புமாங்க. சோறே ஆக்கலை. தயிர் சோறு எங்கிருந்து வந்துச்சு?" மாதுளை முத்தைப் பற்றியெல்லாம் யோசித்தவன் சோற்றைப் பற்றி யோசிக்கவில்லை பாருங்கள். இப்போது அதே வாக்கியத்தை நான் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே வாய், அதே ஆஸ்பத்திரி, தின்னுட்டானுங்க என்கிற அதே சொல். போன வாரம் பொய்யாக இருந்தது இந்த வாரம் நிஜமாகி வந்து நிற்கிறது. ஒரு தடவை கிழித்த டிக்கெட்டை மறுபடி நீட்டுகிற பிரயாணியை நான் எத்தனை பேரை இறக்கி விட்டிருக்கிறேன்.

ஆமாம், செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கண்டக்டராகச் சேர்ந்து அப்புறம் செக்கிங். பொள்ளாச்சி, ஆழியாறு, அட்டகட்டி, வால்பாறை, மேலே ஏறி ஏறி மூக்கே மலைக்காற்றுக்குப் பழகிப்போனது. அடுத்தவன் பொய்யைக் கேட்பதற்குத்தான் சம்பளம். ஜன்னல் வழியாகப் பறந்துபோச்சு, குழந்தை முழுங்கிருச்சு, கண்டக்டர் குடுத்தார் நான் வாங்கலை, அத்தனையும் கேட்டிருக்கிறேன். கேட்டுக் கேட்டு இவன்கள் இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிறான்களே என்ற ஆற்றாமையில்தான் நான் ஆரம்பித்தது. பாதை யானைப் பாதை, அதனால் யானையைக் கூட்டிவந்தேன். ஒன்பதாவது வளைவில் யானை பஸ்ஸை நிறுத்தித் தும்பிக்கையை ஜன்னலுக்குள் விட்டு டிக்கெட் கேட்டது, கண்டக்டர் பயந்துபோய் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், நான் ஏறிச் சோதித்தபோது யானை அதைக் காதுக்குள்ளிருந்து எடுத்து நீட்டியது. இதைக் கல்யாண வீடுகளில் கேட்டு வாங்கிச் சொல்ல வைப்பார்கள். பிரபாகரின் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள், புதுப்பெண்ணாக இருந்த சுகந்தியும் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். இப்போது சிரிப்பதில்லை. சரி, உண்மை சொல்கிறவனை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று டிப்போவில் புதுப் பையன்கள் கேட்பார்கள். உண்மை சொல்கிறவனிடம் கதை இருக்காது. ஒரு தடவை சோலையாறில் ஒரு கூலிக்காரப் பெண், "எடுத்தேன் சாமி, காணோம்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டால், அப்புறம் ஒன்றுமில்லை, காணோம். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டேன். எனக்கு அப்படிச் சொல்ல வராது. வாயைத் திறந்தால் மாதுளை முத்து வருகிறது.

எதிர் நாற்காலியில் ஒரு அம்மாள், காய்கறிக் கூடையில் பூனையை வைத்து மேலே துணி போட்டுக் கட்டியிருக்கிறார். கூடை தானாக அரை அடி நகர்கிறது, அவர் காலால் இழுத்து வைக்கிறார். "ஏனுங்க, நாய்க்கு என்னங்க?" "ஒண்ணுமில்லீங்க." "ஒண்ணுமில்லாமயா இங்க வந்து குக்கியிருக்கீங்க?" சுகந்தி தலையைத் தூக்காமல், "நியூட்டர் பண்ண வந்திருக்கோமுங்க" என்றாள். அம்மாளுக்குப் புரியவில்லை. "காயடிக்கறதுங்க" என்றேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது இதற்கும் சேருமா என்று தெரியவில்லை, சுகந்தி ஒரு பார்வை பார்த்தாள், சேரும் போலிருக்கிறது. "அட சாமி! இத்தனூண்டு குஞ்சுக்கா? பால்பல்லுகூட விழுந்திருக்காதாட்டம் இருக்குது!" "ஒண்ணு விழலைங்க." "அப்ப அது விழுகட்டும்னு உட்டுப்போட்டு அப்புறமா வாறது?" "அந்தப் பல்லையும் இதே மயக்கத்துல எடுத்துருவாங்கம்மா. ரெண்டு தடவை மயக்கம் குடுக்க வேண்டாமில்ல" என்றாள் சுகந்தி. அம்மாள் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், ஆம்பளை நீயே கம்முனு குக்கியிருக்கியே என்கிற மாதிரி. எப்போது என்பதுதான் விஷயமே. எப்போது என்று யாராவது அடித்துச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு ஆடியிருக்க மாட்டேன். டாக்டரம்மா சொல்வது, பெரிய ஜாதி நாய் என்றால் எலும்பு முற்ற வேண்டும், ஒரு வருஷம் தாண்டிக்கூடக் காத்திருக்கலாம், இது சின்ன ஜாதி, சீக்கிரம் வளர்ந்து முடிந்துவிடும், இப்போதே பண்ணலாம், இன்னும் கொஞ்சம் பொறுத்தாலும் குடி முழுகாது, "வீட்டு நெலவரத்தைப் பாத்து நீங்க முடிவு பண்ணுங்க." மேல் வீட்டு ரிட்டயர்டு இன்ஜினீயர் சொல்வது, ஒரு வயசு ஆகட்டும் சார், அதுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கில்ல. தன்யா போனில் பார்த்துச் சொல்வது தினம் ஒன்று. ஆளுக்கொரு நாள், அத்தனை நாளுக்கும் நடுவில் இந்தப் பூசணிப் பிஞ்சு. பொறுக்கலாம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நான் கரிநாளிலிருந்து தயிர் சோறு வரை வந்துவிட்டேன். மைனர் கொட்டாவி விட்டான். விழாத பால்பல்லும் பக்கத்திலேயே முளைத்த புதுப் பல்லும் ஜோடியாகத் தெரிந்தன, ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் ரிசர்வ் செய்துவிட்டு யார் எழுந்திருப்பது என்று முறைத்துக்கொண்டிருக்கிற மாதிரி. அவன் வாயிலிருந்து வெண்ணெய் வாசனை வந்தது. நான் துண்டை இழுத்து மூக்குவரை மூடினேன்.

வீட்டு நிலவரம் என்றால் லாரி. தண்ணி லாரி. அதையும் நினைக்கத்தான் வேண்டும். அன்றைக்கு வாசலில் கயிறு என் கையில்தான் இருந்தது. தெருமுனையில் ஒரு செவலைப் பொட்டை, அதன் பின்னால் ஊர் நாய்கள் அத்தனையும் ஊர்வலம். மைனருக்கு என்ன தெரிந்ததோ, உடம்பு முழுவதும் ஒரே மூக்காகி நின்றான், ஒரு இழுப்பு. கயிறு என் கையில் இல்லை. எப்போது போனது என்று கை எனக்குச் சொல்லவில்லை. சுகரில் விரல் நுனி மரத்துக் கிடக்கிறது, பிடித்திருக்கிறேனா விட்டுவிட்டேனா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பார்த்தபோது லாரியின் முன் சக்கரம் நின்றிருந்தது, அதற்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு உருண்டை உட்கார்ந்துகொண்டு செவலை போன திசையைப் பார்த்தது. டிரைவர் இறங்கி என்னைத் திட்டினார், நியாயமான வார்த்தைகள். மாடியிலிருந்து சுகந்தி பார்த்துவிட்டாள். கீழே வந்து மைனரைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் ஆபரேஷனுக்கு நாள் கேட்டுப் போன் செய்தாள். அப்படிப் பார்த்தால் இவனுக்கு இந்தக் கத்தியைக் கொண்டுவந்தவன் நான்தான், தள்ளித் தள்ளிப் போடுகிறவனும் நான்தான். இன்றைக்குக் காலையிலும் அதே கை. சுகந்தி குளிக்கப் போயிருந்தாள். பால்கனியில் உட்கார்ந்து, நடைப்பயிற்சியில் வாங்கி ஒளித்துவைத்த தேங்காய் பன்னை எடுத்தேன். கண்டக்டர் காலத்துத் தோல் பை ஒன்று என் அறை ஆணியில் தொங்குகிறது, ஞாபகார்த்தம் என்று வீட்டில் எல்லோரும் நினைக்கிறார்கள், அதற்குள்தான் வைப்பேன். மைனர் வந்து எதிரில் உட்கார்ந்தான். குரைக்கவில்லை, காலைப் பிறாண்டவில்லை. வயிறு காலி, கண் மட்டும். பகல் முழுக்க அந்த வீட்டில் நானும் அவனும்தான். சம்சாரம் போன பிறகு, மூன்று வருஷமாக நான் பேசுகிற பேச்சுக்கு அந்த வீட்டுச் சுவர்தான் காது கொடுத்தது, இவன் வந்த பிறகு சுவருக்கு ஓய்வு. இவனுக்கு யானைக் கதை சொன்னால் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்பான், எத்தனையாவது தடவை என்று எண்ண மாட்டான். அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு பன்னைக் கடித்தேன், அடுத்த வாய்க்குக் கையைத் தூக்கினேன், கையில் பன் இல்லை. பாதி பன் முழுசாக மைனருக்குள் போய்க்கொண்டிருந்தது. விழுந்ததா? இல்லை, இவன் தின்றுவிட்டால் இன்றைக்கும் ஆபரேஷன் இல்லை என்று உள்ளே யாரோ ஒருவன் கணக்குப் போட்டு விரலைத் திறந்துவிட்டானா? விரல் மரத்த விரல், கேட்டால் சொல்லாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

கத்திக்குப் பயந்துதான் மாமா இப்படிப் பண்றார் என்று சுகந்தி நினைக்கிறாள். ஆம்பளைக்கு ஆம்பளை பாவம் பார்க்கிறார் என்று பிரபாகரிடம் போனில் சொல்லிச் சிரித்ததைக் கேட்டேன். ஏன் சிரிக்க மாட்டாள், என் கதைகளிலேயே பெரிய கதை அதுதானே. குடும்பக் கட்டுப்பாட்டு கேம்ப் கதை. பிரபாகர் பிறந்த வருஷம், டிப்போவுக்கு ஜீப் வருகிறது, பிள்ளை பெற்ற கண்டக்டர்களையெல்லாம் அள்ளிப் போடுகிறான், நான் சுவரேறிக் குதித்து ஓடுகிறேன், ஜீப் துரத்துகிறது, ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டும்போது காட்டிலிருந்து யானை வந்து ஜீப்புக்குக் குறுக்கே நிற்கிறது, கம்பவுண்டர் கத்தரியோடு இறங்கி ஓடுகிறார், யானை என்னைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கிப் போய்ட்டு வா என்கிறது. இந்த இடத்தில் ஆண்கள் எல்லோரும் கை தட்டுவார்கள். ருக்குமணி, என் சம்சாரம், ஒவ்வொரு தடவையும் சமையலறை நிலையில் சாய்ந்து நின்று கேட்டுச் சிரிப்பாள். ஜீப்பும் இல்லை, கம்பவுண்டரும் துரத்தவில்லை. பிரபாகர் பிறந்தபோது ருக்குமணிக்கு ரத்தம் நிற்கவில்லை. கட்டில் விரிப்பு, அதற்குக் கீழே ரப்பர் ஷீட், அதற்குக் கீழே தரை. வெளியே வந்த நர்ஸ் கையைத் துடைத்துக்கொண்டே, இன்னொண்ணு வந்தா இவ தாங்க மாட்டாங்க என்றார். நான் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறி, டிக்கெட் எடுத்து, முனிசிபல் ஸ்கூல் கேம்ப்புக்குப் போனேன். அங்கே ஒரு பெஞ்சில் இதே மாதிரி உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டார்கள், போனேன், வந்தேன். எறும்பு கடித்த மாதிரி ஊசி, அவ்வளவுதான். ஒரு ரோஸ் கலர் பிளாஸ்டிக் வாளி கொடுத்தார்கள். வாளி குலுக்கலில் விழுந்தது என்று வீட்டில் சொன்னேன். ருக்குமணி வாளியைப் பார்த்தாள், நான் காலை அகட்டி நடப்பதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை, மோர் ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். டிப்போவில் ஒரு டிரைவர், கேம்ப்புக்குப் போய் வந்ததை வெளியே சொன்னவர், ரிட்டயர் ஆகும்வரை அவருக்குப் பெயர் செக்குமாடு. அதனால் நான் யானையைக் கூப்பிட்டேன். நாற்பது வருஷம் அந்தக் கதை ஓடியது, அவள் ஒரு தடவைகூடக் காட்டிக் கொடுக்கவில்லை. கத்திக்கு எனக்குப் பயமில்லை. கத்தி சின்ன விஷயம் என்று சுகந்தியிடம் சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்பாளே. எனக்குப் பயம் கத்திக்கு முன்னால் போடுகிற ஊசிக்கு. இவ்வளவு சின்ன உடம்பு தூங்கி, எழுந்திருக்க மறந்துபோனால்? ருக்குமணி அப்படித்தான், ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள், காபிக்கு எழுந்திருக்கவில்லை.

"கோகோ!" உள்ளேயிருந்து நர்ஸம்மா வந்துவிட்டார், பச்சை உடுப்பு, கையுறை. மைனர் திரும்பவில்லை, அவன் பெயர் அது இல்லையே. "குடுங்க தாத்தா." என் கை துண்டைப் பிடித்திருந்தது, பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன், பிடித்துத்தான் இருந்தது. "காலையில ஒண்ணும் குடுக்கலையே?" என்று கேட்டார். கேள்வி என்னைப் பார்த்து. இதோ, இதுதான் ஸ்டாப்பிங், இங்கே விசிலடித்தால் இறங்கிவிடலாம். வாயைத் திறந்தேன். "இல்லீங்க, தண்ணிகூடக் குடுக்கலை" என்றாள் சுகந்தி. வண்டி நகர்ந்துவிட்டது. மடி லேசாகிவிட்டது. மைனர் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டே போனான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிற அதே சாய்வு. கதவு மூடியது. மேல் பாதி கண்ணாடி, பால் நிறக் கண்ணாடி, உள்ளே பச்சையாக நிழல் அசைகிறது. பன் என்ன பெரிய சாமான், காற்று, வாயில் போட்டால் கரைகிற பண்டம், இந்நேரம் கரைந்திருக்கும். கரைந்திருக்காது, தேங்காய்ப் பூ கரையாது, எனக்கே மத்தியானம்வரை நெஞ்சில் நிற்கும். மேலே வரும், வந்தது நுரையீரலுக்குள் இறங்கும், இறங்கினால். இறங்கினால். சொல்லலாம், சொன்னால் நம்ப மாட்டாள், நம்பும்படி சொல்லலாம், நம்பும்படி சொல்வதற்கு ஆயிரம் வழி எனக்குத் தெரியும், பால்கனிக் கம்பியில் காக்கா வந்து உட்கார்ந்தது, அதைப் பார்த்து நான் திரும்பினேன், அந்த நேரம் பார்த்து இவன், இல்லை, காக்கா வேண்டாம், காக்கா வந்தால் அடுத்து யானை வந்துவிடும். காக்கா இல்லாமல் சொல்ல வேண்டும். பன் தின்றான். இதற்கு முன்னால் ஒன்றுமில்லை, பின்னால் ஒன்றுமில்லை. எவ்வளவு மொட்டையாக இருக்கிறது, யார் நம்புவார்கள் இதை. எதிரில் பூனை கத்தியது. கண்ணாடிக்குப் பின்னால் நிழல் கையைத் தூக்கியது, கையில் இருப்பது ஊசியா, பேனாவா. நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று கால் எனக்குச் சொல்லவில்லை.

"மாமா, உக்காருங்க."

"மைனர் பன் தின்னுட்டான்."

சுகந்தி கண்ணை மூடித் திறந்தாள். போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "தெரியும். இத்தனை நேரம் கம்முனு இருக்கறீங்களேன்னு பாத்தேன். சரி, சொல்லுங்க. அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"எப்படித் தின்னான்? யாராவது கதவைத் தட்டினாங்களா, நீங்க எந்திரிச்சுப் போனீங்களா, குருவி கிருவி வந்துச்சா?"

"ஒண்ணும் வரலை."

"யானை?"

"யானை வரலை, அம்மிணி."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கள்ள நோட்டைத் தடவுகிற மாதிரி ஒரு பார்வை, ஓரத்திலிருந்து ஓரம்வரை. பூனைக்கார அம்மாள் கூடையை இழுப்பதை நிறுத்திவிட்டார்.

"என்ன பன்?"

"தேங்காய் பன்."

"யாரோடது?"

"என்னோடது. நான்தான் குடுத்தேன்." விழுந்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் அதைச் சொல்லவில்லை.

சுகந்தி எழுந்து ஓடினாள். கதவைத் தட்டவில்லை, தள்ளினாள். "டாக்டர், ஊசி போட்டுட்டீங்களா?" என்ற குரல் மட்டும் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில் நான் நாற்காலியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கம்பியின் குளிர் விரலுக்குத் தெரிந்தது, மரத்த விரலுக்குத் தெரிந்தது. "என்னங்க ஆச்சு?" என்றார் பூனைக்கார அம்மாள். என்ன ஆச்சு என்று எனக்கும் யாராவது சொன்னால் தேவலை. கதவு திறந்தது. சுகந்தியின் கையில் துண்டு, துண்டுக்குள் கறுப்பு மூக்கு. முன்னங்காலில் கொஞ்சம் முடி மழித்திருந்தது, ஊசிக்காக. பின்னால் டாக்டரம்மா, கழுத்தில் தொங்கிய முகமூடியோடு. "மழிச்சு முடிச்சு இப்பத்தான் மருந்து எடுக்கறேன், இவங்க வந்து நிக்கறாங்க" என்றார். என்னைப் பார்த்து, "தாத்தா, போன வாரம் சிரிச்சேன். இன்னைக்குச் சிரிக்க மாட்டேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன். "சரி, எப்ப வெச்சுக்கலாம்? சொன்னேனே, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தாலும் தப்பில்லை. யோசிச்சு ஒரு நாள் சொல்லுங்க."

சுகந்தி மைனரை என் கையில் வைத்தாள். "என்னைக் கேக்காதீங்க டாக்டர். மாமா சொல்லட்டும்."

அப்படி ஒரு வழி திறக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஆடி கழியட்டும் என்று சொல்லலாம். பால்பல் விழட்டும் என்று சொல்லலாம். தீபாவளிக்குப் பிரபாகர் சேர்ந்தாற்போல லீவில் வருவான், அவனும் இருக்கட்டும். ஒரு வயசு ஆகட்டும், அதற்குள் நானே இருக்கிறேனோ இல்லையோ. வரிசையாக நாட்கள் வந்து நின்றன, எல்லாம் காலி பஸ், எதில் ஏறினாலும் ஜன்னல் சீட். மைனர் என் கட்டைவிரலை நக்கினான். ஒரு முழத்துக்கு அந்தப் பக்கம் நின்ற அந்தச் சக்கரம், அதன் ஈரம், ரப்பர் கருகிய நாற்றம். கயிற்றைப் பிடிக்கத் தெரியாத கை இது.

"நாளைக்கே வெச்சுக்கலாமுங்க" என்றேன்.

காரில் ஏறிச் சாவியைப் போட்டவள் திருகவில்லை. கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "பயமா இல்லீங்களா மாமா?"

"மயக்க ஊசிக்குத்தான் பயம். மத்தபடி அது சின்ன வேலை. உள்ள போனா வெளிய வந்துரலாம். நான் போயிட்டு வந்தவன்தானே."

"எங்க?"

"கேம்ப்புக்கு."

"அதான் ஆழியாறுல..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். என் பக்கம் திரும்பினாள்.

"யானை வரலை, சுகந்தி."

மைனர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அத்தைக்குத் தெரியுமா?" என்றாள் சுகந்தி.

"சமையலறை நிலையில சாஞ்சு நின்னு சிரிப்பாளே, அது எதுக்குன்னு நெனச்சே?"

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். சிக்னலில் நிற்கும்போது பேங்க் குரல் திரும்பியிருந்தது. "நாளைக்குக் காலையில நான் குளிக்கப் போறதுக்கு முன்னால, பன்னை எங்க வெச்சிருக்கீங்கன்னு சொல்லிரணும். இப்பவே சொல்லுங்க."

"தோல் பைக்குள்ள."

"அங்க மட்டுந்தானா?"

"அங்க மட்டுந்தான்" என்றேன், மாதுளை முத்து ஒன்றுகூடச் சேர்க்காமல். அவள் நம்பினாள். கூடத்தில் ருக்குமணியின் போட்டோவுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது, நேற்று வாங்கியது. மைனருக்கு எட்டாத உயரம். அவளும் காட்டிக் கொடுக்க மாட்டாள்.